இஸ்திரி போட்ட வானம்

மகள் வந்த நடையிலேயே தெரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றி ஜோடியாகச் சுவரோரம் வைக்கிற பிள்ளை, அன்றைக்கு ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமுமாக உதறிவிட்டு உள்ளே வந்தாள். தையல்காரம்மா மிஷினில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட மேடைக்கு ஒரு நீலத்திரை தைத்துக்கொண்டிருந்தாள். அறை முழுக்க அந்தத் துணிதான் வழிந்து கிடந்தது. மற்ற நாளாக இருந்தால் தூக்கிப் பிடித்து ஓரமாக வருவாள் மகள். அன்றைக்கு மிதித்துக்கொண்டே வந்தாள்.

"மிஷினை நிறுத்தும்மா."

"இந்த ஓரத்தை அடிச்சிடறேன்டி, நூல் விட்டுப்போயிடும்."

"போனாப் போகுது. இதைப் பாரு முதல்ல. எங்க ஆபீஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க. கேன்டீன்ல போட்டுச் சிரிக்கிறாங்க."

போனை நீட்டினாள். தையல்காரம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். சின்னத் திரையில் ஒரு கிழவர், நல்ல தோல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை. ஆனால் அந்தக் காதை எங்கே பார்த்தாலும் அவளுக்குத் தெரியும். விசிறி மாதிரி விரிந்த காது. அந்தக் காலத்துச் சினிமாக் கம்பெனி மேனேஜர்.

"அந்த ஒரு மாசம் எங்க போச்சுன்னு எல்லாரும் கேக்கறாங்க," என்றார் மேனேஜர், சிரித்துக்கொண்டே. "பெயின்டர் ஒருத்தர் இருந்தார். செட்டு வேலையை அவரை நம்பித்தான் விட்டோம். அவர் தண்ணியைப் போட்டுட்டுப் படுத்துட்டார். மாசம் முழுக்க. அவரை எழுப்பவே ஒரு ஆள் போட வேண்டியிருந்தது. அதுக்கப்புறம் கடவுளாப் பாத்துக் குடுத்ததுதான் அந்தச் சூரியோதயம்."

மிஷினின் மிதியில் இருந்த கால் அப்படியே நின்றது.

"இதுக்குப் பேரு டாக்குமெண்டரியாம்," என்றாள் மகள். "அந்தப் படத்தை எடுக்க எவ்வளவு கஷ்டப்பட்டாங்கன்னு ஒரு படம். அப்பாவை வாரக்கடைசியில பேட்டி எடுக்க வராங்கன்னு சொன்னியே, அவங்கதான். வரதுக்கு முன்னாடியே குடிகாரன்னு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு."

பின்கட்டில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. பெயின்டர் அங்கேதான் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். அவர் காதில் எல்லாம் விழுந்திருக்கும். நாக்கில் டீயும் வெந்நீரும் தவிர வேறு எதையும் வைக்காத மனுஷர். இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்பார்.

"அப்பா, கேட்டீங்களா?"

"கேட்டேன்." பிரஷ்ஷோடு வந்து போனை எட்டிப் பார்த்து, மயிரை விரலால் கோதிவிட்டபடியே சொன்னார். "காது பெருசா இருக்கு இன்னும். ஆளு இளைச்சுட்டார், பாவம்."

அந்தப் படத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்கள்கூடக் கடைசிக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். கடலுக்குப் போனவனுக்காக ஒருத்தி மொட்டைமாடியில் விடியவிடிய நிற்பாள். இருட்டு கரையும். தூரத்தில் கடலின் விளிம்பில், பொட்டு மாதிரி ஒரு பாய்மரம் தெரியும். அதற்குப் பின்னால் சூரியன் எழும்பும். அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். நாற்காலியின் நுனிக்கு வராமல் அதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

அந்தப் படம் எடுத்த கதை அதைவிடப் பெரிய கதை. முதல் கதாநாயகி பாதியில் கோபித்துக்கொண்டு போனாள். கதாநாயகன் படிக்கட்டில் விழுந்து காலை உடைத்துக்கொண்டான். போட்ட செட்டில் பாதி எரிந்துபோனது. எல்லாம் முடிந்து கடைசிக் காட்சி ஒன்றுதான் பாக்கி என்று கடற்கரைக்கு வந்தால், வானம் மூடிக்கொண்டது. தினமும் விடியுமுன் எல்லோரும் மாடிக்கு ஏறுவார்கள், சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம் வரும், மழை வரும், எல்லோரும் இறங்குவார்கள். பத்திரிகைக்காரர்கள் டைரக்டரிடம் கேட்டார்கள், ஸ்டூடியோவில் வைத்து எடுக்கக் கூடாதா என்று. 'பொய்ச் சூரியன் என் படத்தில் உதிக்காது' என்று அவர் சொன்னதை எல்லாப் பத்திரிகையும் கொட்டை எழுத்தில் போட்டது. அப்புறம் ஒரு மாதம் காத்திருந்தார், சூரியன் வந்தது, பாய்மரமும் சொல்லிவைத்த மாதிரி வந்தது என்றுதான் உலகம் நம்புகிறது.

சூரியன் வரவில்லை. அந்த மாதம் முழுக்க ஒரு நாள்கூட வரவில்லை.

நடந்தது தையல்காரம்மாவுக்குத் தெரியும். அந்தத் தெருவில் ஐந்தாறு பேருக்குத் தெரியும். கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. ஒரு மத்தியானம் டைரக்டர் நனைந்துபோய் வந்து, இதே அறையில், துணி மூட்டைமேல் உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கதாநாயகி அடுத்த மாதம் வேறு படத்துக்குப் போகிறாள், அதற்குமேல் அவளைப் பிடித்துவைக்க முடியாது என்றார். பிறகு பெயின்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு வானம் பண்ணிக் குடுப்பியாப்பா?"

பெயின்டர் "எவ்வளவு பெருசு?" என்றுதான் கேட்டார்.

தெருக்கோடியில் மூடிக்கிடந்த பஞ்சுக் குடோனை எடுத்தார்கள். காடாத்துணி கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. ஒரே அகலத்தில் அவ்வளவு பெரிய துணி எங்கே கிடைக்கும்? பட்டை பட்டையாகத்தான் தைத்துச் சேர்க்க வேண்டும். பெயின்டர் மேலிருந்து கீழாகத் தைக்கச் சொன்னார். அவள் புதுப்பெண்தான், ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.

"குறுக்க தைக்கறேங்க."

"ஏன்?"

"மேலேருந்து கீழ தையல் வந்தா, வானத்துக்கு யாரோ கம்பி போட்ட மாதிரி இருக்கும். குறுக்க போனா மேகத்தோட மேகமாப் போயிடும்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்க வீட்ல வேற என்னென்ன சொல்லிக் குடுத்து அனுப்பினாங்க?" என்றார். அன்றையிலிருந்து எதையும் அவளைக் கேட்டுக்கொண்டுதான் செய்தார்.

தைத்தது ஒரு வேலை என்றால், தீட்டியது பத்து வேலை. துணியைத் தரையில் விரித்து, பிரஷ்ஷை நீளக் குச்சியில் கட்டி, தோட்டம் பெருக்குகிற மாதிரி நின்றுகொண்டே தீட்டினார். கால் தடம் படாமலிருக்கக் காலுறை போட்டுக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி பாழானது. சுண்ணாம்பும் பசையும் வண்ணப்பொடியும் கலந்த டிஸ்டம்பர் வாளி வாளியாகப் போனது. கேட்டுக்கொள்ளுங்கள், இதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த டிஸ்டம்பர் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். காயக் காய வெளுக்கும். காய்ந்த பிறகுதான் அடுத்த கை போட முடியும். ஆனால் அந்த மழையில் எது காய்ந்தது? வீட்டில் உப்பே தண்ணீராக ஓடியது. கொடியில் போட்ட சட்டை நாலு நாளைக்கு நாறியது. வானத்தைக் கப்பியில் ஏற்றித் தொங்கவிட்டுவிட்டு எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது சொட்டிக்கொண்டே இருந்தது.

"என்னடா இது, வானம் பண்ணச் சொன்னா மழையையும் சேர்த்துப் பண்ணிட்ட," என்றார் டைரக்டர். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அப்போதுதான் தையல்காரம்மா பக்கத்து இஸ்திரிக்காரம்மாவைக் கூட்டிவந்தாள். இஸ்திரிக்காரம்மா வானத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுக்குக் கஞ்சி போட்டிருக்கா?" என்று கேட்டாள். பிறகு கரிப்பெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னாள். அவளுடையது இரண்டு. தையல்காரம்மாவின் நாத்தனார் வீட்டில் ஒன்று. இரவல் வாங்கியது இரண்டு மூன்று. பெஞ்சுமேல் பெஞ்சு போட்டு ஏறி, துணியின் பின்பக்கமாக நின்று, கனல் நிரப்பிய பெட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்த்துவார்கள். துணியில் ஒட்டக் கூடாது. ஒரு விரல் இடைவெளி வேண்டும். சூடு மட்டும்தான் படலாம். பட்ட இடத்தில் ஆவி எழும்பும். முன்பக்கம் நிற்கிற பெயின்டர், "வெளுத்துடுச்சு, அடுத்த இடம்," என்பார். கை கடுத்துப்போகும். கரிப்புகையில் கண் எரியும். நடுவில் ரொட்டியும் வெங்காயமும் வரும், டீ வரும், ஒரு கையில் டீ குடித்துக்கொண்டே மறு கையில் வானம் காயவைத்தவர்கள் உலகத்திலேயே இவர்கள்தான்.

வேலை முடிகிற சமயத்தில் அந்தக் கருகல் நேர்ந்தது. யாரோ ஒருத்தியின் கை தளர்ந்து பெட்டி துணியில் ஒட்டிவிட்டது. கருகிய நாற்றம் வந்து எல்லோரும் பதறி விலகிப் பார்த்தால், கடலும் வானமும் சேர்கிற கோட்டுக்குச் சற்றுமேல், பெட்டியின் அச்சு அப்படியே பழுப்பாக இருந்தது. மேலே கூர், கீழே அகலம்.

"நான் இல்ல," என்றாள் இஸ்திரிக்காரம்மா.

"நான் அந்தக் கோடியில இருந்தேன்," என்றாள் நாத்தனார்.

ஒட்டுப் போட்டால் பின்னால் விளக்கு வைக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். மேலே தீட்டினாலும் கருகல் ஊறிக்கொண்டு வந்தது. டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பெயின்டர் மட்டும் தூரத்துக்குப் போய் நின்று, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு ஒரு சின்ன பிரஷ்ஷை எடுத்துவந்து, அந்த அச்சுக்குக் கீழே கருப்பில் ஒரே ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான். பாய்மரம் வந்துவிட்டது.

மறுநாள் கேமரா ஓடியது. துணிக்குப் பின்னால் பெரிய விளக்கைக் கயிற்றில் கட்டி, பெயின்டர்தான் தன் கையால் இழுத்தார், மூச்சுவிடுகிற அளவுக்கு மெதுவாக. கதாநாயகி மாடி செட்டில் நின்று பார்த்தாள். அவள் அழுதது நடிப்பில்லை என்று தையல்காரம்மா இன்றைக்கும் சொல்வாள்.

முடிந்ததும் டைரக்டர் எல்லோரையும் கூப்பிட்டார். கேமராக்காரர், லைட் ஆட்கள், மேனேஜர், பெயின்டர் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். அவர் தன் உள்ளங்கையை நீட்டினார். அதன்மேல் ஒவ்வொருவராகக் கைவைத்தார்கள். "இது துணின்னு யார் வாயிலேருந்தும் வரக் கூடாது. நான் செத்தாலும் வரக் கூடாது," என்றார். வராது என்றார்கள். பெண்கள் அப்போது குடோனின் பின்பக்கத்தில் பெட்டிகளைத் தட்டிச் சாம்பல் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் துணியை அப்புறம் அலசிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நல்ல காடாத்துணி, எதற்கு வீணாக்குவது? ஒரு வீட்டில் மெத்தை உறை, ஒரு வீட்டில் ஜன்னல் திரை. எவ்வளவு அலசியும் லேசான சிவப்பு போகவில்லை. ஒரு வருஷம் அந்தத் தெருவே வானத்தைப் போர்த்திக்கொண்டு தூங்கியது.

இதுதான் அந்த மாதம் போன இடம்.

மத்தியானச் சாப்பாட்டில் மகள் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிடுங்கப்பா. டைரக்டரும் இல்ல இப்ப. யாருக்குப் பயம்?"

"பயம் என்ன பயம். கை வச்சேன்ல."

"அந்த ஆளும்தான் கை வச்சான். அவன் இப்படிப் பேசலாமா?"

"அவர் வாக்கைக் காப்பாத்துறார். அந்த மாசம் யாரும் மாடிக்கே ஏறலைன்னு தெரிஞ்சுக்கிட்டு, மாசம் எங்க போச்சுன்னு நேருக்கு நேரா கேட்டா எதையாவது சொல்லித்தானே ஆகணும்?"

தையல்காரம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அவரு வாக்கைக் காப்பாத்த உங்க தலைதான் கெடைச்சுதா? தன் தலையில போட்டுக்க வேண்டியதுதானே. 'நான் குடிச்சிட்டுப் படுத்துட்டேன்'னு சொல்லட்டும்."

"நான் திருப்பிச் சொல்ல மாட்டேன்னு அவருக்குத் தெரியும். அதான் என்னைச் சொன்னார். ஒரு வகையில அது மரியாதை."

"நல்ல மரியாதை. ஒரு மாலையும் வாங்கிப் போடச் சொல்லுங்க."

அவர் வாயிலிருந்ததை விழுங்கினார். பிறகு தணிந்த குரலில் பேசினார். "இந்தா பாரு. அதை வானம்னு நினைச்சுப் பாத்தாங்க, வானத்தைப் பாத்தாங்க. துணின்னு சொல்லிட்டா அப்புறம் துணியைத்தான் பாப்பாங்க. தையல் எங்க, ஒட்டு எங்கன்னு தேடுவாங்க. நானே போட்ட சூரியனை நானே எப்படிம்மா அணைக்கறது?"

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு செட்டுப் பெயின்டருக்கு, தீட்டியது தெரியாமலிருப்பதுதான் பெருமை. இவ்வளவு வருஷமாக அந்தப் பெருமையை அவரும் அவளும் சத்தமில்லாமல் பங்குபோட்டுத் தின்றிருக்கிறார்கள். தியேட்டரில் நுனிக்கு வந்து பார்க்கிறவர்களைப் பார்த்துவிட்டு, ஒருவர் கையை ஒருவர் இடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அவர் செய்தது தெரியாமலே போகட்டும், அது அவளுக்குச் சம்மதம். ஆனால் செய்த மாதத்துக்குக் குடிகாரன் என்று பேரா? பேரப்பிள்ளை நாளைக்கு அதைப் பார்த்துவிட்டு வந்து கேட்கும்.

சாயங்காலம் விஷயம் தெருவுக்குப் போய்விட்டது. இஸ்திரிக்காரம்மா வந்தாள், பின்னாலேயே நாத்தனார் வந்தாள்.

"டாக்குமெண்டரிக்காரங்க வந்தா அந்தக் கருகலை யாரு பண்ணினான்னு கேப்பாங்களே," என்றாள் இஸ்திரிக்காரம்மா, மெல்ல ஆரம்பித்து. "அது என் பெட்டிதான்."

"இத்தனை வருஷமா நீ இல்லைன்னுதானே சத்தியம் பண்ணின," என்றாள் நாத்தனார்.

"அப்ப அது கருகல். இப்ப அது பாய்மரம்."

"அண்ணி, நீங்களே சொல்லுங்க. கோட்டுக்குப் பக்கத்துல நின்னது யாரு? நான்தானே?"

"அந்தக் கோடியில நின்னேன்னு அன்னைக்குச் சொன்னியே?" என்றாள் தையல்காரம்மா.

"அடிவாங்கிடுவேன்னு சொன்னேன். அண்ணன் கையில அவ்வளவு பெரிய குச்சி இருந்துச்சு."

மகள்கூடச் சிரித்துவிட்டாள். பெயின்டர் மட்டும், "யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. போய் வேலையைப் பாருங்க," என்று எழுந்துபோய்விட்டார்.

வாரக்கடைசியில் டாக்குமெண்டரி எடுக்கிற பொண்ணு வந்தாள். கூட ஒரு கேமராக்காரர், ஒரு மைக் பிடிக்கிறவர். மகள் சண்டைக்குத் தயாராக நின்றாள். ஆனால் வந்தவள் வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சார், முன்னோட்டத்துல அதை வெளியிட்டது தப்பு. என்னைக் கேக்காம விட்டுட்டாங்க. ஆனா படத்துல அவர் சொன்னது இருக்கும். அடுத்த வாரம் படத்தை முடிச்சுக் குடுக்கணும். அதுக்கு முன்னாடி நீங்க சொல்றதையும் நான் எடுத்துக்கணும். நீங்க எது சொன்னாலும் முழுசா வைப்பேன்."

பெயின்டர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்கு போட்டார்கள். "இந்த லைட்டைக் கொஞ்சம் தள்ளி வைங்க, மூக்கு நிழல் விழுது," என்று அவரே சொல்லிச் சரிசெய்தார்.

"அந்த ஒரு மாசம் என்ன நடந்தது சார்?"

"மழை பேஞ்சுது."

"நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"நனைஞ்சேன்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "மேனேஜர் சொல்றது உண்மையா சார்?"

"அவர் பெரியவர். அவர் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்."

"இல்லைன்னாவது சொல்லுங்க சார். அந்த ஒரு வார்த்தை போதும்."

பெயின்டர் முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். நகக்கண்ணில் நீலம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு எங்கே இருந்தீர்கள் என்று வரும். அது அவருக்கும் தெரியும், கதவோரம் டீத்தட்டோடு நின்ற தையல்காரம்மாவுக்கும் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அவளுக்கு அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்படி ஒரு மௌனத்தை யார் பார்த்தாலும், ஆமாம் குடித்தேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரிதான் இருக்கும்.

தட்டைக் கீழே வைத்தாள்.

"என்கிட்ட கேளும்மா. நான் சொல்றேன்."

"ஏய்," என்றார் பெயின்டர். "கை வச்சிருக்கேன்."

"நீங்க வச்சீங்க. நான் வைக்கல."

அவர் திரும்பினார்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. அவர் வட்டமா நிக்க வச்சு எல்லார்கிட்டயும் கை வாங்கினாரு. எங்களை யாரு கூப்பிட்டா? நாங்க பின்னாடி சாம்பல் கொட்டிட்டிருந்தோம். நானு, உங்க தங்கச்சி, இஸ்திரிக்காரம்மா, எங்க யாரு கையும் அதுல இல்ல. கணக்குலயே எடுத்துக்கல எங்களை. இத்தனை வருஷம் நான் பேசாம இருந்தது உங்களுக்காக. டைரக்டருக்கு நான் ஒண்ணும் குடுக்கல."

 பெயின்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், குறுக்கே தைக்கிறேன் என்று அன்றைக்கு அவள் சொன்னபோது பார்த்த மாதிரி. அவர் மனசுக்குள் அந்த வட்டத்தை ஒவ்வொரு கையாக எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு எழுந்தார். சட்டையில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றி, நாற்காலியில் பத்திரமாக வைத்தார்.

"எனக்குப் பிரஷ் கழுவணும்," என்றார்.

"காலையிலயே கழுவிட்டீங்களேப்பா," என்றாள் மகள்.

"இன்னொரு தரம் கழுவறேன். பின்கட்டுல தண்ணியை முழுசாத் திறந்துவிட்டா இங்க பேசறது எதுவும் காதுல விழாது." போய்விட்டார். குழாயை முழுக்கத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

தையல்காரம்மா நாற்காலியில் உட்காரவில்லை; தன் மிஷினில் போய் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். மழை, காடாத்துணி, குறுக்குத் தையல், காலுறை, சொட்டிய வானம். சொல்லச் சொல்ல அவள் முதுகு நிமிர்ந்தது. டாக்குமெண்டரிப் பொண்ணு கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாள். கேமராக்காரர் ஒரு கட்டத்தில் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது போட்டோ இருக்காம்மா? ஒரு துண்டுத் துணி?" என்று கடைசியில் கேட்டாள் அந்தப் பொண்ணு. "நான் நம்பறேன். மத்தவங்க நம்பணுமே."

"வா," என்றாள் தையல்காரம்மா.

இஸ்திரிக்காரம்மாவின் மேஜை தெருமுனையில்தான் இருந்தது. மேலே வெள்ளை விரிப்பு, அதன்கீழே கம்பளி, அதன்கீழே இன்னொரு கம்பளி. எல்லாவற்றையும் உருவி எடுத்தார்கள். அடியோடு அடியாக, மேஜைப் பலகையில் ஆணியடித்து வைத்திருந்த காடாத்துணி. நிறமே போயிருந்தது. மூலையில் பழுப்பாக ஓர் அச்சு. மேலே கூர், கீழே அகலம். அதன் அடியில் தேய்ந்துபோன ஒரு கருப்புக் கோடு.

"கருகலும் அந்தக் கருப்பும் மட்டும் எவ்வளவு அலசினாலும் போகல," என்றாள் இஸ்திரிக்காரம்மா. "பங்குல எனக்கு வந்த துண்டு. என் பெட்டி பண்ணினதால என் பங்குக்கே வந்துச்சு."

இப்போது அவள் கரண்ட் பெட்டிதான் வைத்திருந்தாள். பழைய கரிப்பெட்டி கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. அதைத் தூக்கிவந்து அச்சின்மேல் வைத்தாள். நூல் பிசகாமல் பொருந்தியது. நாத்தனார் ஓட்டமாகப் போய்த் தன் வீட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அதுவும் பொருந்தியது. இரண்டும் ஒரே கடையில் வாங்கியது.

டாக்குமெண்டரிப் பொண்ணு அந்தக் கருப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். "சின்ன வயசுல இந்தப் படகுக்காக நான் அழுதிருக்கேன்," என்றாள்.

அதற்கப்புறம் பெயின்டர் தையல்காரம்மாவிடம் பல நாள் பேசவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. சாப்பிட்டார், உப்புக் குறைந்தால், தன் வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்த மகளிடம் போனில் சொன்னார். அவளும் விட்டுவிட்டாள். ஒரே ஒரு பயம்தான் அவளுக்கு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அவர் பேரைக் காப்பாற்றப்போய் அவர் சூரியனை அணைத்துவிட்டேனோ என்று. மேனேஜரிடமிருந்து மட்டும் ஒரு போன் வந்தது. பெயின்டர் எடுத்தார். அந்தப் பக்கம் வெகுநேரம் பேசியது கேட்டது. "நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க," என்றார் இவர். "எங்க வீட்டம்மா கை வைக்கலையாம். நாமதான் பாக்காம விட்டுட்டோம்." அந்தக் குரலில் வருத்தம் இல்லை. அவளுக்குக் கேட்க வேண்டும் என்றே கொஞ்சம் சத்தமாகச் சொன்ன மாதிரிகூட இருந்தது.

படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரிய ஹாலில் போட்டார்கள். தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பெயின்டர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

திரையில் மேனேஜர் வந்தார், சொன்னார், ஹால் சிரித்தது. மகள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள். அடுத்து பெயின்டரின் மௌனம் வந்தது, முழுசாக. அதற்கப்புறம் தையல்காரம்மாவின் குரல்: "நீங்க வச்சீங்க. நான் வைக்கல." ஹாலில் சிரிப்பு நின்றது. காடாத்துணி, குறுக்குத் தையல், கரிப்பெட்டி, மேஜைக்கு அடியில் இருந்த அச்சு. எல்லாம் வந்தது. தன் முகத்தை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில் தையல்காரம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு அந்தப் பொண்ணு ஒன்று செய்திருந்தாள். பேச்செல்லாம் முடிந்தபின், அந்தக் கடைசிக் காட்சியை வெட்டாமல் குறைக்காமல் முழுசாக ஓடவிட்டிருந்தாள்.

ஹால் இருண்டது. திரையில் கதாநாயகி மாடியில் நின்றாள். தையல்காரம்மா முன்னாலிருந்த தலைகளைப் பார்த்தாள். இப்போது எல்லோருக்கும் தெரியும். தையலைத் தேடுவார்களா? துணி என்று சிரிப்பார்களா? பக்கத்தில் பெயின்டர் திரையைப் பார்க்கவே இல்லை. உடம்பைத் திருப்பிப் பின்வரிசை முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டு கரைந்து சாம்பலானது. விளிம்பில் பொட்டு மாதிரி அது தெரிந்தது.

"என் பெட்டி," என்றாள் பின்னாலிருந்து இஸ்திரிக்காரம்மா.

"என் பெட்டி," என்றாள் நாத்தனார்.

வரிசை வரிசையாக முகங்கள் நாற்காலியின் நுனிக்கு வந்தன. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தெரிந்துகொண்டுதான் வந்தார்கள். தெரிந்தும் வந்தார்கள். பெயின்டர் மெல்லத் திரும்பி நேராக உட்கார்ந்தார்.

"இடது ஓரம் இன்னொரு கை போட்டிருக்கணும்," என்றார். பல நாளைக்கப்புறம் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

"எங்க போடறது? காயலையே."

"பாய்மரம் என்னுதுதான்," என்று பின்னால் மறுபடி ஆரம்பித்தது.

பெயின்டரின் இரண்டு கையும் மடியிலிருந்து எழும்பி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிற்றைப் பிடித்து, மூச்சுவிடுகிற அளவுக்கு மெதுவாகக் கீழே இழுக்கத் தொடங்கின.

"சும்மா இருங்க ரெண்டு பேரும்," என்றார். "சூரியன் வருது."